உரிக்க வராத முட்டையோடு மூன்று மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை 66 முட்டை வேகவைத்தோம். 63 முட்டை ஒரு கீறல் இல்லாமல் வழுவழுவென்று வந்தன. இரண்டில் நகம் பட்டுவிட்டது, ஒன்று வேகும்போதே விரிசல் விட்டது. நானும் மகளும் உட்கார்ந்து உரித்து முடிக்க 24 நிமிடம் ஆனது. சித்திரை முதல் வாரம் இதே வேலைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது; அன்று 60 முட்டையில் 26 பாழ். இடையில் என்னென்ன செய்து பார்த்தேன், எங்கே தப்பு விட்டேன் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வந்தேன். அதைப் புரட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். ஞாயிறு மட்டும் வீட்டிலேயே சீரகச் சம்பா பிரியாணி போட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறோம். பொட்டலத்துக்கு ஒரு முழு முட்டை. உரித்த முட்டையில் நான்கு கீறல் போட்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்போடு எண்ணெயில் புரட்டி, சோற்றின் மேல் வைத்துக் கட்டுவோம். பொட்டலத்தைப் பிரிப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த முட்டைதான். அது எலி கொறித்த மாதிரி இருந்தால், கீழே பிரியாணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். போதாததற்கு, பள்ளம் விழுந்த முட்டையை எண்ணெயில் போட்டால் பள்ளத்தில் தங்கிய ஈரம் வெடித்துக் கையில் தெறிக்கிறது. பாழாய்ப் போன 26 முட்டையையும் பொடிமாஸ் செய்து வீட்டில் சாப்பிட்டோம். அதற்குப் பதிலாக வேறு 26 முட்டையை வேகவைத்து உரிப்பதற்குள் பதினொரு மணி ஆர்டர்கள் வாசலில் நின்றன.

முட்டை வாங்குவது நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கோழிப்பண்ணையில். சனிக்கிழமை சாயந்திரம் போனால் அன்று காலை இட்ட முட்டை கிடைக்கும். முப்பது முட்டை அட்டை எனக்கு 165 ரூபாய்க்கு வந்தது. நாமக்கல் மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு இதைவிடப் புதிய முட்டை வேறு யாருக்குக் கிடைக்கும் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் முதல் தப்பு. அது புரிய இரண்டு வாரம் ஆனது.

முதலில் தண்ணீரில் எதையாவது கலந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முட்டையாக, ஒரே பாத்திரத்தில், இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பேற்றிப் பார்த்தேன். எதுவும் சேர்க்காமல் வைத்தபோது பத்தில் நான்கு சுத்தமாக வந்தன. இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு போட்டபோது ஐந்து. கால் டம்ளர் வினிகர் ஊற்றியபோது ஓட்டின் மேல் பொடிப் பொடியாகக் குமிழ் கட்டியது, ஓடு கொஞ்சம் சொரசொரப்பானது, ஆனால் உரித்தால் அதே ஐந்துதான். ஆப்ப சோடா லிட்டருக்கு அரை டீஸ்பூன் போட்டதில் ஆறு வந்தது. சரி, இதுதான் வழி என்று சோடாவை இரட்டிப்பாக்கினேன். ஏழு வந்தது, ஆனால் அடுப்படி முழுக்க ஒரு நாற்றம். மஞ்சள்கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் வளையம் கட்டியது, வாயில் வைத்தால் சோப்பு மாதிரி ஒரு பின்சுவை. மகள் ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இதில் உப்பை மட்டும் இன்றைக்கும் விடவில்லை. உரிப்பதற்காக அல்ல. தண்ணீரில் போட்டு வேகவைக்கும்போது விரிசல் விட்ட முட்டையிலிருந்து கசியும் வெள்ளைக்கரு உப்புத் தண்ணீரில் சட்டென்று கட்டிப்பட்டு ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. அது கண்ணால் பார்த்தது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். 1991 முதல் 27 வருடம் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். அவர் சேர்ந்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டைதான்; 2010க்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. அத்தனை முட்டையை உரித்த கை அவருடையது. மூன்றாவது ஞாயிறு நான் நகக்கண்ணில் ஓடு குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஏங் கண்ணு, எப்பப் போட்ட முட்டை இது?”

“நேத்துக் காலைல போட்டதுங்க்கா. பண்ணைலயே வாங்கினது.”

“அப்புறம் எப்படி உரியும்? நாலு நாள் கெடக்கோணும். சுடச்சுட வந்த முட்டைய அன்னிக்கே வேகவெச்சா, ஓட்டோட பாதி முட்டை போயிரும். எங்களுக்கு முட்டை வந்து நாலஞ்சு நாள் ஆகித்தான் அடுப்புக்குப் போவும். தண்ணி தளதளன்னு கொதிச்ச பொறவு போடு, அதையும் கேட்டுக்கோ.”

அவர் சொன்ன இரண்டில் ஒன்றை மட்டும் அன்று எடுத்துக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீரில் முட்டையைப் போட்டால் வெடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்ததால், இரண்டாவதைக் காதில் வாங்கவில்லை. அங்கே இன்னும் இரண்டு வாரம் போனது.

நாள் கணக்கைச் சோதிக்க, வெவ்வேறு நாளில் வாங்கி அட்டையின் ஓரத்தில் தேதி எழுதி வைத்தேன். பச்சைத் தண்ணீரில்தான் வேகவைத்தேன், பதினைந்து பதினைந்தாக. ஒரு நாள் முட்டையில் 6 சுத்தம். மூன்று நாளில் 9. ஐந்து நாளில் 12. எட்டு நாளில் 14. அக்கா சொன்னது அப்படியே நோட்டில் எண்ணாக வந்து நின்றது. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கலந்திருக்கிறது. நாள் ஆக ஆக அது ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறி, வெள்ளைக்கரு காரத்தன்மைக்கு மாறுகிறது. அப்படி மாறிய வெள்ளைக்கரு உள்சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை. நான் ஆப்ப சோடாவை வெளியே கரைத்துச் செய்யப் பார்த்த வேலை, முட்டைக்குள்ளே தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் சித்திரை வெயிலில் எட்டு நாள் என்பது அதிகம். எங்கள் வீட்டு உள்ளறையிலேயே 36 டிகிரி. எட்டாம் நாள் முட்டையில் ஒன்று நாறிவிட்டது. மற்றவற்றிலும் மஞ்சள்கரு நடுவில் நிற்காமல் ஓர் ஓரமாக ஒதுங்கிப் போயிருந்தது. கீறல் போட்டால் அந்தப் பக்கம் மஞ்சள் வெளியே தெரிந்தது. அகலமான முனையில் காற்றறை பெரிதாகி, வெந்த முட்டையின் பின்பக்கம் தட்டையாக வந்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது, ஆனால் மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கிறது: ஃபிரிட்ஜில் எட்டு நாள் இருந்தது, வெளியே நான்கு நாள் இருந்த முட்டை மாதிரிதான் உரிந்தது. கடைசியில் நான்கு நாள் என்று வைத்துக்கொண்டேன். இப்போது புதன் சாயந்திரமே இரண்டு அட்டை வாங்கி, காற்றோட்டமாகச் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். வேகவைக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றிப் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அடியில் படுத்திருந்தால் புதிது. ஒரு முனை தூக்கிச் சாய்ந்திருந்தால் எனக்கு வேண்டிய பதம். மிதந்தால் எடுத்து வெளியே போட்டுவிட வேண்டியதுதான்.

இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம் ஆர்டர். வெள்ளிக்கிழமை ராத்திரிவரை ஐம்பது என்று இருக்கும், சனிக்கிழமை மதியம் யாராவது கூப்பிட்டு “இன்னும் பதினஞ்சு சேத்துக்கோங்க” என்பார்கள். அந்தப் பதினைந்துக்குப் பண்ணைக்கு ஓடினால் அன்றைய முட்டைதான் கிடைக்கும். ஆகவே புது முட்டையையும் உரிய வைக்கிற வழி எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது. அப்போதுதான் அக்காவின் இரண்டாவது வார்த்தைக்குத் திரும்பினேன்.

ஐந்து லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அன்றைய முட்டை 12ஐ ஜல்லிக்கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கினேன். 12 நிமிடம். 12இல் 11 சுத்தம். அதே முட்டை, அதே அடுப்பு. பச்சைத் தண்ணீரில் பாதிகூட வராத சரக்கு. அன்றைக்குச் சந்தோஷத்தில் இரண்டு முட்டையை நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு 60 முட்டையையும் ஓர் அண்டாவில், எட்டு லிட்டர் கொதிநீரில் ஒன்றாக இறக்கினேன். 19 பாழ்.

இந்த இடத்தில்தான் ரொம்பக் குழம்பிப் போனேன். முட்டைமேல் சந்தேகப்பட்டேன், வேறு பண்ணையில் வாங்கிப் பார்த்தேன், குளிரவைப்பதில் தப்பா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. 380 ரூபாய் கொடுத்து, நீளமான கம்பி முனை உள்ள ஒரு சமையல் வெப்பமானி வாங்கித் தண்ணீருக்குள் விட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. 12 முட்டையைப் போட்டபோது தண்ணீர் 96 டிகிரிவரைதான் இறங்கியது. இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி கொதித்தது. 60 முட்டையைப் போட்டபோது 85க்கு இறங்கி, மறுபடி கொதிக்க 11 நிமிடம் ஆனது. 60 முட்டை என்பது மூன்றேகால் கிலோ சரக்கு. பிரியாணி அடுப்பில் மசாலா வதங்கிக்கொண்டிருந்ததால் அண்டாவை வீட்டு அடுப்பில் வைத்திருந்தேன். அந்தத் தீக்கு அவ்வளவு சரக்கைச் சூடேற்றும் வலு இல்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டதாக நான் நினைத்தேன். முட்டைக்குக் கிடைத்ததோ மெல்ல மெல்லச் சூடேறும் தண்ணீர். பழைய தப்பையே பெரிய பாத்திரத்தில் செய்திருக்கிறேன். ஓட்டுக்கு அடியிலிருக்கும் வெள்ளைக்கரு எடுத்த எடுப்பில் சூடு வாங்கி இறுகிவிட்டால் சவ்விலிருந்து விலகி நிற்கிறது. மெல்ல வெந்தால் சவ்வோடு சேர்ந்தே இறுகுகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் மற்ற எல்லா முடிவும் சுலபமாகிவிட்டது.

பன்னிரண்டு பன்னிரண்டாக வைத்தால் ஐந்து ஈடு. ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் ஒன்றேகால் மணி நேரம் அடுப்பு இதற்கே போய்விடும். ஞாயிறு காலையில் அது நடக்காது.

வெடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா சொன்னது பொய்யில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை நேராகக் கொதிநீரில் போட்டால் வெடிக்கத்தான் செய்கிறது. வெளியே வைத்த முட்டையிலும் முப்பதில் நான்கு விரிசல் விட்டது. ஒரு பாட்டில் தக்கையில் தையல் ஊசியைக் குத்தி, மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொண்டு, அகலமான முனையில் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பொத்தல் போட்டேன். முப்பதில் ஒன்றுதான் விரிசல் விட்டது. காற்றறையில் அடைந்திருக்கும் காற்று சூட்டில் விரியும்போது அந்தப் பொத்தல் வழியே பொடிக் குமிழாக வெளியே வருவது கண்ணுக்கே தெரிகிறது. முட்டையின் பின்பக்கம் தட்டையாகாமல் உருண்டையாக வருவது கூடுதல் லாபம். ஊசி அதற்குமேல் உள்ளே போனால் சவ்வு கிழிந்து வெள்ளைக்கரு கசியும். அதனால்தான் தக்கை, வெறும் ஊசியைக் கையில் பிடித்துக் குத்தியபோது எனக்கு ஐந்தாறு முட்டை அப்படிப் போனது.

குக்கரையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து லிட்டர் குக்கர், 15 முட்டை, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு விசில், அணைத்து ஐந்து நிமிடம். மூன்று முட்டை வெடித்துச் சிதறிவிட்டது. மீதிப் பன்னிரண்டும் இரண்டே இழுப்பில் சட்டை கழற்றுவது போல ஓட்டைக் கழற்றின, அப்படி ஓர் உரிப்பை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பச்சை வளையம். விசில் வரும் நேரம் ஒவ்வொரு தடவையும் மாறுவதால் நேரக் கணக்கு நிற்கவில்லை. வெடித்த முட்டையின் நுரை வெயிட் குழாயில் ஒட்டியிருந்ததைக் கழுவும்போது பார்த்தேன். குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, இன்னொரு தடவை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குக்கர் ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. அங்கே முட்டை வெந்தது பெரும்பாலும் ஆவியில். ஆவி என்றால் நம் வீட்டில் இட்லிச் சட்டிதானே. தண்ணீர் முன்னாலேயே கொதித்து ஆவி எழும்பி நிற்கிறது. முட்டையை உள்ளே வைத்த கணமே சூடு. எட்டு லிட்டர் தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைக்கும் வேலை இல்லை, அடியில் ஒன்றரை லிட்டர் இருந்தால் போதும். தினமும் காலையில் கையாளுகிற பாத்திரம், இரண்டு மாதமாகக் கண்ணில் படவில்லை.

முதலில் குழித்தட்டிலேயே வைத்தேன். ஒரு குழிக்கு ஒரு முட்டை அழகாக உட்கார்ந்தது, ஆனால் மேல்தட்டை வைத்தால் முட்டைமேல் இடித்தது. அளந்து பார்த்தேன்: படுத்த முட்டையின் உயரம் 43 மில்லிமீட்டர், இரண்டு தட்டுக்கு நடுவில் இருந்த இடைவெளி 38. மேல்தட்டை எடுத்துவிட்டால் ஏழே முட்டை. ராசிபுரம் பாத்திரக் கடையில், கொழுக்கட்டை வேகவைக்கிற ஓட்டைத் தட்டு, 34 சென்டிமீட்டர் அகலத்தில், 240 ரூபாய்க்குக் கிடைத்தது. எங்களிடம் இருந்த அண்டாவின் தோளில் சரியாக உட்கார்ந்தது. ஓர் அடுக்காகப் பரப்பினால் 22 முட்டை.

அடுத்த சிக்கல், ஆவி அடிக்கிற பாத்திரத்துக்குள் 22 முட்டையைக் கையால் எப்படி அடுக்குவது? முதல் நாள் மணிக்கட்டில் சூடு வாங்கிக்கொண்டேன். அடுக்கி முடிக்க ஒன்றரை நிமிடம் மூடி திறந்தே இருந்தது, ஆவியெல்லாம் போய்விட்டது. வீட்டுக்காரர் பதினைந்து ரூபாய்க்குக் கட்டுக்கம்பி வாங்கி, தட்டின் ஓட்டைகளில் மூன்று இடத்தில் கோத்து, மேலே ஒரு வளையமாகச் சேர்த்து முறுக்கிக் கொடுத்தார். உறி மாதிரி. முட்டைகளை வெளியிலேயே தட்டில் அடுக்கி, வளையத்தில் கொக்கியை மாட்டி இறக்கினால் ஐந்து நொடியில் உள்ளே. மூன்று மாதத்தில் நாங்கள் செய்த வேலைகளில் மிக உருப்படியானது அந்த மூன்று கம்பிதான் என்று நினைக்கிறேன்.

அப்படியும் முதல் ஈட்டில் 22இல் 17தான் வந்தது. இந்த முறை குழம்பவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். முட்டைத் தட்டை இறக்கியதும் மூடி ஓரத்தில் ஆவி நின்றுவிட்டது. குளிர்ந்த முட்டைகள் வந்த ஆவியையெல்லாம் குடித்துவிடுகின்றன. வீட்டு அடுப்பில் மறுபடி ஆவி எட்டிப் பார்க்க நாலரை நிமிடம் ஆனது. அதே அண்டாவைப் பிரியாணி போடும் பெரிய அடுப்பில், முழுத் தீயில் வைத்தேன். ஒன்றரை நிமிடத்தில் ஆவி வந்தது. 22இல் 21. ஆக, கடைசியில் எல்லாம் தீயின் வலுவுக்கும் முட்டையின் எண்ணிக்கைக்கும் உள்ள கணக்கு. வீட்டு அடுப்பு மட்டும் இருப்பவர்கள் எட்டுப் பத்து முட்டைக்குமேல் ஓர் ஈட்டில் வைக்காமல் இருந்தால் அங்கேயும் நன்றாக வரும். எட்டு முட்டையை வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன், எட்டும் வந்தது.

நேரத்துக்கு ஒரு முழு ஈட்டைப் பலிகொடுத்தேன். ஒன்றிரண்டாக எடுத்துக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். 54 கிராம் முட்டை, வெளியே வைத்தது, தட்டை இறக்கிய நொடியிலிருந்து கணக்கு. 11 நிமிடத்தில் மஞ்சள்கரு நடுவில் தேன் மாதிரி. 12இல் நடுவில் ஒரு பொட்டு மட்டும் ஈரம். 13இல் முழுக்க இறுகி, நிறம் மங்காமல். 15இல் பச்சை வளையம் மெல்லிய கோடாகத் தொடங்கியது, 18இல் நன்றாகவே தெரிந்தது. வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாவது அந்த வளையம். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது. எனக்கு 13 சரி. எண்ணெயில் புரட்டும்போது இன்னும் கொஞ்சம் வேகும் என்பதால் சில நாள் பன்னிரண்டரையிலேயே எடுத்துவிடுகிறேன்.

முட்டைமேல் முட்டையாக இரண்டு அடுக்கு வைத்ததும் தோல்வி. 40 முட்டையில் 11 பாழ், கீழ் அடுக்கில் மூன்று நசுங்கி விரிசல்.

குளிரவைப்பதில் எங்கள் ஊர் வெயிலுக்குத் தனிக் கணக்கு வேண்டியிருந்தது. “உடனே பச்சைத் தண்ணீரில் போடு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். வைகாசி மாதம் பத்தரை மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீரில் வெப்பமானியை வைத்தால் 39 டிகிரி. அதில் முட்டை சீக்கிரம் ஆறாது, உள்ளே இன்னும் கொஞ்ச நேரம் வெந்துகொண்டுதான் இருக்கும். மீன் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிப் பார்த்தேன், மண்பானைத் தண்ணீரிலும் பார்த்தேன். எத்தனை சுத்தமாக வருகிறது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: ஐஸில் 22க்கு 21, பானைத் தண்ணீரில் 22க்கு 20, 21. தொட்டித் தண்ணீரில் 18. சூட்டோடு உரித்தால் வெள்ளைக்கரு இளகி, விரல் பட்ட இடமெல்லாம் பிய்கிறது. நன்றாக ஆறினால்தான் அது இறுகி நிற்கிறது. முதல் நாள் ராத்திரியே இரண்டு பானை நிரப்பி வைத்து, ஓர் ஈட்டுக்கு எட்டு லிட்டர், ஐந்து நிமிடத்தில் ஒரு தடவை தண்ணீர் மாற்றி, மொத்தம் பத்து நிமிடம் போடுகிறேன். ஐஸ் செலவு மிச்சம். மாற்றிய தண்ணீர் முருங்கைக்குப் போகிறது.

உரிக்கும் விதத்தில் நான் மாற்றிக்கொண்டது இரண்டே விஷயம். கூரான முனையில் தட்டித் தொடங்குவது என் பழக்கம். இப்போது அகலமான முனையில் தட்டுகிறேன். அங்கே காற்றறை இருப்பதால் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்கிறது. சவ்வையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் மீதி தானாக வருகிறது. ஓடு மட்டும் உரிந்து சவ்வு முட்டையோடு நின்றுவிட்டால் அங்கேதான் பள்ளம் விழும். இரண்டாவது, அகலமான பேசினில் தண்ணீருக்குள் வைத்தே உரிப்பது. தண்ணீர் சவ்வுக்கு அடியில் போய் வழி விடுகிறது, பொடி ஓடும் ஒட்டாது. தட்டில் வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்தி ஒரு உருட்டு உருட்டிவிட்டுத் தண்ணீரில் போட்டால் போதும். டப்பாவில் முட்டையைப் போட்டுக் குலுக்கினால் ஓடு கழன்றுவிடும் என்று கேள்விப்பட்டு ஆறு முட்டையைக் குலுக்கினேன். நான்கு பிளந்துவிட்டது. வீட்டில் ஒரே ஒரு முட்டைக்குச் செய்பவர்களுக்கு அது சரியாக வரலாம்.

நாட்டுக்கோழி முட்டை கேட்டு ஒரு வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது, முட்டையையும் அவர்களே கொடுத்தார்கள். 40 கிராம்தான் இருந்தது ஒவ்வொன்றும். பத்தரை நிமிடத்தில் வெந்துவிட்டது. பத்தில் எட்டு சுத்தம். அடை வைக்காமல் அன்றன்றைக்கு எடுத்த முட்டை என்று சொன்னார்கள், அதனால்தான் இரண்டு போயிருக்கும்.

செலவுக் கணக்கு: வெப்பமானி 380, ஓட்டைத் தட்டு 240, கம்பி 15. விற்காமல் நாங்களே தின்று தீர்த்தது ஏறத்தாழ 190 முட்டை, அது 1,045 ரூபாய். மொத்தம் 1,680. முன்னே வாரத்துக்கு இருபது முட்டையாவது பாழாகும், அதாவது 110 ரூபாய்; பதினைந்து பதினாறு வாரத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஞாயிறு காலையில் மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு நான் விலை போடவில்லை. மகள் இப்போது அந்த நேரத்தில் குளித்துத் தலைவாரிக்கொண்டு வருகிறாள்.

மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால் வெப்பமானியை முதல் வாரமே வாங்கியிருப்பேன். தண்ணீரில் என்ன கலப்பது என்ற சோதனை முழுவதையும் விட்டிருப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதையும் முன்பே கடைப்பிடித்திருப்பேன். மூன்றாவது வாரம் நாளையும் உப்பையும் பொத்தலையும் ஒரே ஈட்டில் மாற்றி, எது வேலை செய்தது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தையே கிழிக்க வேண்டியதாயிற்று.

ஆடி 18க்கு 120 பொட்டலம் ஆர்டர் வந்திருக்கிறது. 22ஆக வைத்தால் ஆறு ஈடு, நேரம் போதாது. இரண்டாவது ஓட்டைத் தட்டு ஒன்று வாங்கி, முதல் தட்டுக்கு மேலே 60 மில்லிமீட்டர் இடைவெளியில் அதே கம்பியில் தொங்கவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். 44 முட்டை ஆவியைக் குடித்தால் பெரிய அடுப்பாலும் தாங்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வரும் புதன்கிழமை, நான்கு நாள் முட்டையிலேயே முதலில் வைத்து, மூடி ஓரத்தில் ஆவி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கப் போகிறோம். இரண்டு நிமிடத்துக்குமேல் போனால் பக்கத்து அக்கா வீட்டு அண்டாவைக் கேட்டு வாங்கி, இரண்டு அடுப்பாக வைத்துவிடுவேன்.